குணமடையாதவருக்கு நம் ஆராதனையில் இருக்கை எங்கே?

பழையாற்றங்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். இந்த மன்றத்தில் பல ஆண்டுகளாக வாசிப்பவனாக மட்டுமே இருந்துவந்த நான், வீட்டில் பேசித் தீராத ஒன்றைக் கேட்பதற்காக முதன்முறையாக ஓர் இழையைத் தொடங்குகிறேன்.

என் அக்காவுக்கு இப்போது 54 வயது. இரண்டு வயதில் இளம்பிள்ளை வாதம் கண்டு வலது கால் சூம்பிப்போயிற்று. காலைத் தாங்கும் சட்டமான காலிப்பரும் ஊன்றுகோலுமாகவே அவர் பள்ளிக்கூடம் சென்றார், தையல் கற்றார், எங்கள் சபையின் ஓய்வுநாள் பள்ளியில் இருபத்தைந்து ஆண்டுகள் பிள்ளைகளுக்கு வசனம் சொல்லிக்கொடுத்தார். ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாள்களான கடந்த லெந்து காலத்தில் ஊர் மைதானத்தில் மூன்று இரவுகள் சுகமளிக்கும் கூட்டம் நடந்தது. அக்கா தம்முடைய காலுக்காக அங்கே போகவில்லை. பாட்டுக் கேட்கவும், பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குத் துணையாகவும் போனார். இரண்டாம் இரவில் தேவசெய்தி கொடுக்க வெளியூரிலிருந்து வந்த செய்தியாளர் அவரைக் கண்டு மேடைக்கு அழைத்து, தலையில் கை வைத்து ஜெபித்து, ஊன்றுகோலை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு நடக்கச் சொன்னார். மூன்றாவது அடியில் அக்கா விழுந்தார். மணிக்கட்டு எலும்பில் கீறல் விட்டது. ஒலிபெருக்கியில், 'விசுவாசத்தில் ஒரு தடை இருக்கிறது' என்று சொல்லப்பட்டது.

அந்தச் செய்தியாளரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது என் நோக்கமன்று. அவர் யார், எந்தச் சபையார் என்பதையும் எழுதமாட்டேன். என்னை வாட்டுவது அதற்குப் பிறகு நடந்தது. ஆறுதல் சொல்ல வீட்டுக்கு வந்த எங்கள் சொந்தச் சபையாரிலேயே இருவர், 'இன்னும் கொஞ்சம் விசுவாசித்திருக்கலாம்' என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எட்டு மாதங்களாக அக்கா ஆலயத்துக்கு வருவதில்லை. கேட்டதற்கு ஒருமுறை மட்டும் பதில் சொன்னார்: 'என் கால் நடக்காது என்பது ஐம்பது வருடமாக எனக்குத் தெரியும். அது நான் செய்த தப்பு என்று இப்போதுதானே எனக்குச் சொல்லித் தந்தார்கள்.'

நோயாளிகளுக்காக ஜெபிப்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் சாட்சி சொல்லும் நேரத்தில் குணமானவர் மட்டுமே எழுந்து நிற்கிறார். குணமாகாதவர் எப்போது எழுந்து நிற்பது, என்ன சொல்வது? உங்கள் சபைகளிலும் கத்தோலிக்கப் பங்குகளிலும் இவர்களுக்கு என்ன இடம் இருக்கிறது என்று அறிய விரும்புகிறேன்.

—

ஓய்வுபெற்ற செவிலி எழுதியது:

தம்பி, உங்கள் அக்காவின் மணிக்கட்டு இப்போது எப்படி இருக்கிறது? ஊன்றுகோல் பிடிக்கும் கை என்றால் அவருக்கு அது இரண்டாவது கால் போன்றது. சரியாகக் கூடிற்றா என்று மறுபடியும் ஒரு படம் எடுத்துப் பார்ப்பது நல்லது.

நான் முப்பத்து நான்கு ஆண்டுகள் மிஷன் மருத்துவமனைகளில் வேலை பார்த்தவள். நம்முடைய கன்னியாகுமரி மாவட்டத்தில் கிறிஸ்தவச் சுகமளித்தல் என்று சொன்னால் என் நினைவுக்கு வருவது மேடையன்று, கட்டுத்துணியும் கெட்டில் தண்ணீரும்தான். லண்டன் மிஷனைச் சேர்ந்த டாக்டர் ஆர்ச்சிபால்டு ராம்சே 1838-இல் நெய்யூரில் வைத்தியம் பார்க்கத் தொடங்கியபோது இந்தப் பகுதியில் மேல்நாட்டு மருத்துவம் என்பதே புதிது. அவருக்குப் பின் வந்த டாக்டர் லீச் 1854-இல் கடலில் மூழ்கி இறந்துபோனார். 1861-இல் வந்த டாக்டர் ஜான் லோ, தாம் ஒருவரே பார்த்தால் போதாது என்று கண்டு, இவ்வூர் இளைஞர்களுக்கே மருத்துவம் கற்பித்துச் சுற்றுப்புறத்துக் கிளை மருத்துவமனைகளுக்கு அனுப்பினார். வடசேரிக்கு அருகே இரட்சணிய சேனையின் கேத்தரின் பூத் மருத்துவமனை 1893-இல் எப்படித் தொடங்கியது என்பது எங்கள் காலத்து மாணவிகளுக்கு முதல் வகுப்பிலேயே சொல்லப்படும் கதை: ஹாரி ஆண்ட்ரூஸ் என்ற இளைஞர் ஒரு குளியலறையில் மருந்துப் புட்டிகளை அடுக்கி வைத்துக்கொண்டு ஏழைகளின் புண்களைக் கழுவத் தொடங்கினார்.

டாக்டர் சாமர்வெல்லைப் பற்றி எல்லாருக்கும் தெரிந்திருக்கும். 1922-இல் எவரெஸ்டு மலையேற்றத்துக்கு வந்தவர், அது முடிந்து இந்தியாவைச் சுற்றிப் பார்க்கும் வழியில் நெய்யூரில், ஒரே ஓர் அறுவை மருத்துவரைச் சூழ்ந்து நின்ற கூட்டத்தைக் கண்டார். 1924-இல் மறுபடியும் ஏறி, உயிர்வளிக் குப்பியில்லாமல் ஏறக்குறைய 28,000 அடி வரை சென்று திரும்பியவர், அதன்பின் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை மரச்சீனி தின்று வயிற்றுப்புண்ணால் சுருண்டு கிடந்த நம் ஊர்க் கூலிக்காரர்களின் வயிற்றைத் தைப்பதில் செலவிட்டார்.

இவையெல்லாம் வரலாறு, ஆராதனை எங்கே என்று கேட்பீர்கள். நான் வேலை செய்த இடத்தில் காலையில் புறநோயாளிகள் பிரிவு திறக்கும் முன் ஒரு பாட்டு, ஒரு வேதபகுதி, ஒரு சிறு ஜெபம் நடக்கும். அறுவை அரங்கில் மயக்கம் கொடுக்கும் முன்னும் ஜெபிப்போம். அந்த ஜெபத்தில் ஒருநாளும் நாங்கள் நோயாளியின் விசுவாசத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. கத்தி பிடிக்கிறவரின் கை நடுங்காமல் இருக்க வேண்டும் என்றே கேட்டோம். இந்த ஒரு வேறுபாட்டை மட்டும் யோசித்துப் பாருங்கள்.

—

மலையோர ஊழியன் எழுதியது:

பழையாற்றங்கரை ஐயா, உங்கள் அக்காவுக்கு நேர்ந்ததற்காக மனம் வருந்துகிறேன். ஊன்றுகோலைப் பிடுங்குகிற அதிகாரம் எந்த ஊழியனுக்கும் கொடுக்கப்படவில்லை. அதை முதலில் சொல்லிவிட்டே மற்றதைச் சொல்கிறேன்.

குலசேகரத்துக்கு மேலே ரப்பர் தோட்டங்களுக்கு நடுவில் தகரக்கூரை போட்ட சிறு சபை ஒன்றை நடத்துகிறேன். வருகிறவர்களில் பெரும்பாலோர் பால்வெட்டுத் தொழிலாளர்கள். மழை பிடித்துக்கொண்டால் வெட்டு இல்லை. வெட்டு இல்லாத நாளில் கூலியும் இல்லை. இவர்கள் சுகமளிக்கும் ஜெபத்தைத் தேடி ஓடுவதைப் படித்தவர்கள் ஏளனம் செய்கிறார்கள். ஆனால் ஒரு தாய் நள்ளிரவில் காய்ச்சல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வருகிறாள் என்றால், அந்த நேரத்தில் திறந்திருக்கும் கதவு அந்த மலையில் அது ஒன்றுதான். அவளுடைய பிள்ளையின் தலைமேல் அருவருப்பில்லாமல் கை வைக்க ஒருவர் இருக்கிறார் என்பதே அவளுக்கு முதல் சுகம். பெரிய கோபுரம் உள்ள ஆலயங்களில் பத்து ஆண்டுகள் பின்வரிசையில் உட்கார்ந்தும் ஒருவரும் பெயர் கேட்காதவர்கள் எங்கள் சபையில் இருக்கிறார்கள். அவர்களுடைய பெயரைச் சொல்லி ஜெபித்தோம், அழுதார்கள், குடியை விட்டவர்களும் உண்டு. இவற்றையெல்லாம் மேடை நாடகம் என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிட வேண்டாம்.

தேவன் இன்றும் சுகமாக்குகிறார் என்று நான் விசுவாசிக்கிறேன். அதே நேரத்தில், மாத்திரையை நிறுத்தச் சொல்கிறவர் யாராயினும் அவர் என் மேடையில் ஏற முடியாது.

—

குருசடி எழுதியது:

நான் கோட்டாறு மறைமாவட்டத்தைச் சேர்ந்தவன்; என் பேச்சில் கத்தோலிக்க வாடை அடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பக்கத்திலும் சுகத்தைத் தேடி வரும் கூட்டத்துக்குக் குறைவில்லை. 1544-இல் இந்தக் கடற்கரையில் நடந்துசென்ற புனித சவேரியாரை 'கேட்ட வரம் தருபவர்' என்றே மக்கள் அழைக்கிறார்கள். டிசம்பர் 3-ஆம் நாளை ஒட்டிய கோட்டாற்றுத் திருவிழாவில் தேருக்குப் பின்னால் கும்பிடு நமஸ்காரம் செய்தபடியே வருபவர்களைப் பார்த்தால், ஒவ்வோர் உடலுக்கும் பின்னால் ஒரு நோயோ ஒரு கடனோ இருப்பது தெரியும். சிலுவை நாட்டிய சிறு செபக்கூடங்களான குருசடிகளில் உப்பும் நல்லமிளகும் நேர்ந்து கொட்டுகிறார்கள். மனநோய் கண்டவர்களை உறவினர்கள் இராஜாவூர் புனித மிக்கேல் அதிதூதர் ஆலயத்துக்கு அழைத்துவந்து தங்கவைத்துச் செபிக்கும் வழக்கமும் நெடுநாளாக இருக்கிறது.

ஆனால் இந்தக் கேள்விக்கு எங்கள் மரபு தரும் பதில் அமைதியான ஓரிடத்தில் இருப்பதாக நினைக்கிறேன். நோயாளிக்கு எண்ணெய் பூசிச் செபிக்கும் நோயில்பூசுதல் என்ற அருளடையாளத்தைச் சொல்கிறேன். என் பாட்டி காலத்தில் அதற்கு 'அவஸ்தை பூசுதல்' என்று பெயர். சாமியார் எண்ணெய்ச் சிமிழோடு தெருவில் நடந்தால், யார் வீட்டில் சாவு என்று கேட்பார்கள். அதற்குப் பயந்தே கடைசி மூச்சு வரை அவரை அழைக்காமல் வைத்திருந்த குடும்பங்கள் உண்டு. 1962 முதல் 1965 வரை ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் அதைச் சாவின் சடங்கு என்ற நிலையிலிருந்து நோயாளியின் அருளடையாளமாக மீட்டது. அந்தச் செபத்தில் நோயாளியிடம் எந்தப் பரிசோதனையும் வைக்கப்படுவதில்லை. எழுந்து நடந்தால்தான் அது பலித்தது என்று யாரும் சொல்வதில்லை. மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை படுக்கையில் இருப்பவர்களின் வீடுகளுக்கு நற்கருணை கொண்டுசெல்லப்படுகிறது. பல வீடுகளில் அன்றுதான் நோயாளியின் போர்வை மாற்றப்படுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பங்குத்தந்தையோடு நற்கருணைப் பணியாளனாகச் சென்று அதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அற்புதத்தை அறிவிப்பதில் உள்ள அவசரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நட்டாலத்தில் பிறந்து 1752-இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்ட தேவசகாயம் பிள்ளை 2022 மே 15 அன்று புனிதராக உயர்த்தப்பட்டார். அதற்கு ஏற்கப்பட்ட அற்புதம், தாய் வயிற்றில் உயிரற்றதெனக் கருதப்பட்ட ஒரு சிசு பிழைத்தது. அது நிகழ்ந்தது 2013-இல், திருத்தந்தை பிரான்சிசு அதற்கு ஒப்புதல் தந்தது 2020-இல். இடையில் ஏழாண்டுகள் மருத்துவர்களும் இறையியலாரும் அதைத் துருவினார்கள். பிரான்சின் லூர்து நகரில் 1858 முதல் இன்றுவரை கோடிக்கணக்கானோர் வந்துபோயும், திருச்சபை அற்புதம் என்று ஏற்றவை எழுபதைச் சற்றே தாண்டும். குணமளிக்கும் செபக் கூட்டங்களில் வெறிக்கூச்சலும் நாடகத்தன்மையும் தலைகாட்டக் கூடாது என்று 2000-ஆம் ஆண்டிலேயே வத்திக்கான் அறிவுறுத்தல் வெளியிட்டது. அதை எங்கள் தியான மையங்கள் எல்லாம் பின்பற்றுகின்றன என்று நான் சொல்லமாட்டேன்.

—

பொது மருத்துவர் எழுதியது:

மருத்துவ விளக்கம் இரண்டு தேவைப்படுகின்றன என்பதால் எழுதுகிறேன்.

முதலாவது, உங்கள் அக்காவைப் பற்றியது. குழந்தைப் பருவத்தில் இளம்பிள்ளை வாதம் கண்டவர்களில் ஒரு பகுதியினருக்கு, பல பத்தாண்டுகள் கழித்து, இதுவரை பளுவைத் தாங்கிவந்த தசைகள் களைத்துப் புதிய பலவீனமும் வலியும் தோன்றுவது உண்டு. சாகாமல் எஞ்சிய நரம்பு உயிரணுக்கள் இரட்டிப்பு வேலை செய்து தேய்வதே இதற்குக் காரணம் என்று கருதப்படுகிறது. அண்மைக் காலத்தில் முன்பைவிடச் சீக்கிரம் சோர்ந்துபோகிறார் என்றால் அதை அவரும் நீங்களும் இப்படிப் புரிந்துகொள்ளுங்கள். உடல் மருத்துவத் துறையில் காட்டி, காலிப்பரின் எடையையும் அளவையும் மாற்றலாம். இந்தியாவில் இந்நோயின் கடைசி நோயாளி பதிவானது 2011-இல். நாடு இந்நோயிலிருந்து விடுபட்டதாக 2014-இல் சான்றளிக்கப்பட்டது. சொட்டு மருந்து நாள்களில் ஞாயிறு ஆராதனை முடிந்தவுடன் ஆலய வளாகங்களிலேயே மேசை போட்டு இடம் கொடுத்த சபைகளை நான் அறிவேன். அந்த மேசையை நான் ஒரு சுகமளிக்கும் கூட்டமாகவே கருதுகிறேன்.

இரண்டாவது, வலிப்பு நோய். மலையோர ஊழியன் அவர்கள் மாத்திரையைப் பற்றிச் சொன்னதற்கு நன்றி. வலிப்பு வந்துபோகும் இயல்புடையது. மாத்திரையை நிறுத்திய முதல் இரண்டு வாரங்கள் ஒன்றும் நேராமல் இருக்கலாம், அந்த இரண்டு வாரங்களுக்குள் சாட்சி சொல்லப்பட்டுவிடும். பின்பு விடாமல் தொடரும் வலிப்பில் நோயாளி கொண்டுவரப்படும்போது அந்தச் சாட்சியைக் கேட்டவர்கள் யாரும் உடன் இருப்பதில்லை. தொழுநோய்க்கும் இதுவே பொருந்தும்: ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோ இலவசக் கூட்டு மருந்தை முழுதாக உட்கொண்டால் குணமாகிற நோயை, தேமல் மறைந்துவிட்டது என்று பாதியில் விடுவதால்தான் விரல்கள் போகின்றன.

சட்டமும் இதில் உண்டு. மந்திரத் தீர்வுகளை விளம்பரப்படுத்துவதை 1954-ஆம் ஆண்டின் சட்டம் தடை செய்கிறது. இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் 2001 ஆகஸ்டு 6 அன்று சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் கருகியதை நம் தலைமுறை மறக்கக் கூடாது. 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டப்படி எந்த மதத்தின் எந்த இடத்திலும் மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுதல் குற்றம். இராஜாவூரிலோ வேறெங்கோ செபிக்க வருபவர் செபிக்கட்டும். மாத்திரைச் சீட்டும் பையில் இருக்கட்டும்.

—

தோவாளைப் பூக்காரர் எழுதியது:

நான் கிறிஸ்தவன் அல்லன். ஆயினும் சுசீந்திரம் தேருக்கும் கோட்டாற்றுத் தேருக்கும் மாலை கட்டுகிற குடும்பம் எங்களுடையது என்பதால் இரண்டு வரி எழுத உரிமை உண்டென எண்ணுகிறேன். என் தாயார் எனக்காகக் குருசடியில் நல்லமிளகு கொட்டினார். அதே வாரம் என்னை மிஷன் ஆஸ்பத்திரிக்கும் தூக்கிச் சென்றார். இரண்டில் எதனால் நான் பிழைத்தேன் என்று அவர் கடைசிவரை கணக்குப் பார்த்ததில்லை. பார்க்கச் சொல்லி எவரும் அவரை வற்புறுத்தவும் இல்லை.

—

பழையாற்றங்கரை எழுதியது:

செவிலி அக்கா, மணிக்கட்டு கூடிவிட்டது. ஆனாலும் படிகளில் ஏறும்போது வலிக்கிறது என்கிறார். மருத்துவர் ஐயா சொன்னதை வாசித்துக் காட்டினேன். இரண்டு ஆண்டுகளாகச் சோர்வு அதிகமாகியிருப்பது உண்மைதான் என்றும், அதைத் தம் சோம்பல் என்று நினைத்துத் தம்மையே நொந்துகொண்டிருந்ததாகவும் சொன்னார்.

மலையோர ஊழியன் ஐயாவிடம் ஒரு கேள்வி. உங்கள் பரிவை மதிக்கிறேன். ஆனால் 'உன் விசுவாசம் உன்னை இரட்சித்தது' என்று ஆண்டவரே சொன்னாரல்லவா, அப்படியானால் குணமாகாதவனுக்கு விசுவாசம் இல்லை என்பதுதானே பொருள் என்று எங்கள் சபையார் கேட்கும்போது என்ன பதில் சொல்வது?

—

மலையோர ஊழியன் எழுதியது:

நியாயமான கேள்வி. இரண்டு இரவுகள் இதோடு உட்கார்ந்திருந்தேன்.

பன்னிரண்டு ஆண்டுகள் பெரும்பாடு என்னும் இரத்தப்போக்கு உள்ளவளாயிருந்த பெண்ணிடம் ஆண்டவர் அப்படிச் சொன்னார். ஆனால் அவள் எந்த நிலையில் வந்தாள் என்பதை மாற்கு எழுதுகிறார்: தனக்கு உண்டானவைகளையெல்லாம் வைத்தியர்களிடம் செலவழித்துக் கையில் ஒன்றுமில்லாமல், கூட்டத்துக்குள் ஒளிந்து, பின்பக்கமாக வந்து வஸ்திரத்தைத் தொட்டாள். அவளை யாரும் முன்னால் அழைக்கவில்லை. நடுங்கி நின்றவளை மகளே என்று கூப்பிட்டு, பயத்தை நீக்கவே அந்த வார்த்தையைச் சொன்னார். பயத்தை நீக்கச் சொன்ன வார்த்தையை நாம் பயமுறுத்தப் பயன்படுத்துகிறோம்.

பெதஸ்தா குளத்தருகே முப்பத்தெட்டு ஆண்டுகள் கிடந்த மனிதனைப் பாருங்கள். அவனிடத்தில் விசுவாசம் இருந்ததாக ஒரு சொல்லும் இல்லை. தன்னைச் சுகமாக்கியவர் யார் என்பதே அவனுக்குத் தெரியாது. கப்பர்நகூமில் கூரையைப் பிரித்து இறக்கப்பட்ட திமிர்வாதக்காரனின் சம்பவத்திலோ, ஆண்டவர் 'அவர்கள் விசுவாசத்தைக் கண்டு' பேசினார் என்று எழுதியிருக்கிறது. சுமந்துவந்த நால்வருடைய விசுவாசமும் அங்கே கணக்கில் வருகிறது. அப்படியென்றால் ஒருவர் குணமாகாதபோது விசுவாசத்தைப் பற்றிய கேள்வியைக் கட்டிலில் கிடப்பவரிடம் மட்டும் கேட்பது எப்படி நீதியாகும்? கட்டிலின் நான்கு மூலைகளையும் பிடித்திருக்க வேண்டியவர்கள் எங்கே என்று முதலில் கேட்க வேண்டும். நானும் அந்த மூலைகளில் ஒன்றைப் பிடிக்க வேண்டியவன் என்பதால் இதை எழுதும்போதே கூசுகிறது. என் சபையில் மேடைக்கு அழைத்து ஜெபித்த பிறகு, குணமாகாமல் திரும்பிப் போன எத்தனை பேருடைய வீட்டுக்கு அடுத்த வாரம் நான் போனேன் என்று எண்ணிப் பார்த்தேன். எண்ணிக்கையை இங்கே எழுத மனம் வரவில்லை.

பவுல் துரோப்பீமுவை மிலேத்துவில் நோயாளியாக விட்டுவந்தார். தீமோத்தேயுவின் வயிற்றுக்குக் கொஞ்சம் திராட்சரசம் சாப்பிடச் சொன்னார். தம் மாம்சத்தில் முள் என்று அவர் சொன்ன உபாதைக்காக மூன்று தரம் வேண்டியும் அது நீங்கவில்லை. இவர்களுக்கு விசுவாசக் குறைவு என்று சொல்லத் துணிகிறவர் சொல்லட்டும்.

—

குருசடி எழுதியது:

ஊழியன் அவர்களுடைய பதிலுக்குத் தலைவணங்குகிறேன். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். தாவீது அரசர் சவுலின் பேரனை அழைத்துத் தம் பந்தியில் அமர்த்தினார். இரண்டு கால்களும் முடமான அவர் நாள்தோறும் அரச பந்தியில் உணவருந்திவந்தார் என்று சாமுவேல் நூல் கூறுகிறது. அவருடைய கால்கள் குணமானதாக எங்கும் இல்லை. மேசைக்குக் கீழே கால்கள் எப்படி இருந்தன என்பது அந்தப் பந்தியில் ஒரு பொருட்டாகவே இல்லை. இழையின் தலைப்பில் உள்ள கேள்விக்கு எனக்குத் தெரிந்த நேரான விடை இதுதான்.

—

கரைமடி எழுதியது:

தூத்தூர்க் கரையிலிருந்து எழுதுகிறேன். குணமாகாதவர்களின் இடத்தைப் பற்றிப் பேசும்போது, திரும்பி வராதவர்களின் வீட்டாரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தபோது எங்கள் கரை ஊர்களின் ஆள்கள் ஆழ்கடலில் இருந்தார்கள். ஆலயங்களில் இரவும் பகலும் செபமாலை சொன்னோம். சிலர் லட்சத்தீவுப் பக்கம் ஒதுங்கிப் பிழைத்து வந்தார்கள். அவர்கள் வந்தபோது நன்றித் திருப்பலி நடந்தது. அதே ஆலயத்தில், அதே செபமாலையைச் சொன்ன பெண்கள், உடலும் கிடைக்காமல், அடக்கம் செய்ய ஒரு குழியும் இல்லாமல் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். பிழைத்தவனின் தாய்க்குக் கிடைத்தது அற்புதம் என்றால் வராதவனின் தாய்க்குக் கிடைத்தது என்ன?

அப்போது எங்கள் பங்கில் ஒரு அருள்சகோதரி பெரிய காரியம் ஏதும் செய்யவில்லை. மாலைதோறும் வீடு வீடாகப் போய், திருப்பாடல்களில் புலம்பல்களை மட்டும் வாசித்தார். 88-ஆம் திருப்பாடல் ஒரு நம்பிக்கை வரியும் இல்லாமல் இருளில் முடிகிறது. அதை அப்படியே வாசித்து, விளக்கம் சொல்லாமல் புத்தகத்தை மூடினார். என் சித்தி அதைக் கேட்டுத்தான் முதன்முதலாக வாய்விட்டு அழுதார். விவிலியத்தில் இப்படியும் ஒரு செபம் இருக்கிறது என்றால், ஆலயத்தில் நானும் என் வாயைத் திறக்கலாம் என்று பிறகு சொன்னார். நம் ஞாயிறு வழிபாடுகளில் மகிழ்ச்சிப் பாட்டுகள் மட்டுமே ஒலிப்பது குணமாகாதவர்களை வெளியே தள்ளுகிற ஒரு முறைதான்; கதவை யாரும் அடைக்க வேண்டியதில்லை.

—

பிடியரிசி எழுதியது:

எங்கள் சேகரத்தில் நடக்கிற காரியம் ஒன்றைச் சொல்கிறேன். இதைப் பெருமைக்காக எழுதுகிறேன் என்று நினைத்தாலும் பரவாயில்லை, யாராவது எடுத்துச் செய்தால் போதும்.

உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியைத் தனியே எடுத்துவைத்து மாதக் கடைசியில் ஆலயத்துக்குக் கொண்டுவரும் வழக்கம் நம் தாய்மார்களிடம் தலைமுறைகளாக இருக்கிறது. அந்த அரிசியை ஏலம் விட்ட பணம் முன்பு பொதுக் கணக்கில் போய்க் கரைந்துவிடும். ஆறு ஆண்டுகளுக்கு முன் பெண்கள் ஐக்கியத்தார் ஒரு கூட்டத்தில் எழுந்து, இந்தப் பணம் இனி நோயாளிகளுக்கு மட்டும் என்று பிடிவாதம் பிடித்தார்கள். ஆண்கள் முனகினார்கள். பெண்கள் அரிசியைக் கொண்டுவராமல் இரண்டு மாதம் நிறுத்திவைத்தபின் தீர்மானம் நிறைவேறியது.

தொகை பெரிதன்று. அதனால் மருத்துவச் செலவுக்கு அதைக் கொடுப்பதில்லை. குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறதே. ஆனால் அந்த அட்டையை எடுக்க வருமானச் சான்று வேண்டும், சான்றுக்குக் கிராம நிர்வாக அலுவலரிடம் போக வேண்டும், அதற்கு ஒரு நாள் கூலி போகும். புற்றுநோய் கண்டவர் திருவனந்தபுரம் வட்டாரப் புற்றுநோய் மையத்துக்குப் போக வேண்டுமானால், விடியற்காலைப் பேருந்தில் அவரோடு போய், வரிசையில் நின்று, மலையாளத்தில் பேசி, சாயங்காலம் வாந்தியோடு அவரைத் திருப்பிக் கொண்டுவர ஓர் ஆள் வேண்டும். எங்கள் பணம் இந்த இடைவெளிகளுக்குப் போகிறது: பேருந்துக் கட்டணம், கூடப் போகிறவருக்குச் சாப்பாடு, படுக்கைப்புண்ணுக்கு நீர்மெத்தை, மூத்திரக் குழாய் மாற்ற வரும் செவிலிக்கு ஆட்டோ. மேலே ஊழியன் ஐயா சொன்ன கட்டிலின் நான்கு மூலைகள் எங்கள் ஊரில் இப்படித்தான் இருக்கின்றன. நோயாளி இந்துவா, எந்தச் சபை என்று கேட்பதில்லை என்பதும் பெண்கள் போட்ட நிபந்தனைதான்.

ஆராதனையிலும் சிறு மாற்றங்கள் வந்தன. திருவிருந்தின்போது முன்னால் வந்து முழங்கால்படியிட முடியாதவர்களைக் கடைசியில் தேடிப்போய்க் கொடுப்பது வழக்கமாக இருந்தது. இப்போது ஆயர் பீடத்திலிருந்து இறங்கி முதலில் அவர்களிடம் போகிறார். சபையார் அதுவரை காத்திருக்கிறார்கள். நோயாளிகளின் பெயர்ப் பட்டியலை வாசிக்கும்போது குணமாகாமல் ஆண்டுக்கணக்காக இருப்பவர்களின் பெயர்களை, அலுப்புத் தட்டுகிறது என்று விட்டுவிடுவது உண்டு, அதை நிறுத்தினோம். ஓர் அம்மாவின் பெயர் ஐந்தாண்டுகளாக வாரந்தோறும் வாசிக்கப்படுகிறது.

பழையாற்றங்கரை தம்பி, ஒன்று கேட்க விட்டுப்போயிற்று. உங்கள் ஆலயத்தில் எத்தனை படிகள்?

—

பழையாற்றங்கரை எழுதியது:

ஏழு படிகள். கைப்பிடி கிடையாது. இருபத்தைந்து ஆண்டுகள் அக்கா அவற்றின்மேல் ஏறி இறங்கியிருக்கிறார். ஒருநாளும் நான் எண்ணிப் பார்த்ததில்லை, உங்கள் கேள்விக்குப் பிறகு நேற்று மாலை போய் எண்ணினேன்.

இந்த இழை முழுவதையும் அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். கரைமடி எழுதியதை மட்டும் இரண்டாம் முறை வாசிக்கச் சொன்னார். மலையோர ஊழியன் ஐயா தம் எண்ணிக்கையை எழுத மனம் வராமல் நிறுத்திய இடத்தில், 'இவர் பரவாயில்லை' என்றார். எங்கள் ஆயரிடமும் பேசினேன். அக்காவிடம் அந்த வார்த்தையைச் சொன்ன இருவரில் ஒருவர் கேள்விப்பட்டு வீட்டுக்கு வந்தார். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வரவில்லை, ஒரு சீப்பு மட்டிப்பழத்தைத் திண்ணையில் வைத்துவிட்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். அக்கா காப்பி போட்டுக் கொடுத்தார்.

அறுப்பின் பண்டிகைக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். இரண்டு நிபந்தனைகள்: யாரும் முன்னால் கூப்பிடக் கூடாது, ஓய்வுநாள் பள்ளியில் அவருடைய பழைய வகுப்பைத் திருப்பித் தர வேண்டும். படியோரம் இரும்புக் குழாயில் கைப்பிடி வைக்கச் சபைக் கமிட்டியில் ஒத்துக்கொண்டார்கள். பற்றவைப்பவர் உயரம் எவ்வளவு என்று கேட்கிறார். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

—

ஓய்வுபெற்ற செவிலி எழுதியது:

பொதுவான அளவு முக்கால் மீட்டரிலிருந்து தொண்ணூறு சென்டிமீட்டர் வரை இருக்கும். ஆனால் அதைப் பார்த்துப் பற்றவைக்க வேண்டாம். அக்காவைக் காலிப்பர் போட்டுக்கொண்டு முதல் படியில் நிற்கச் சொல்லி, மணிக்கட்டு மடியாமல் கை எங்கே போய் நிற்கிறதோ அங்கே சாக்கட்டியால் கோடு போடுங்கள். இரண்டு பக்கமும் வையுங்கள் தம்பி. ஏறும்போது பிடிக்கிற கை வேறு, இறங்கும்போது பிடிக்கிற கை வேறு.